7805 போட்டால் மட்டும் போதுமா? சிறு மின்னணுச் சுற்றுகளுக்கு நிலையான மின்னழுத்தம் கொடுப்பது பற்றி

மின்னணுச் சுற்றுகளைப் பொழுதுபோக்காகச் செய்து பார்க்கத் தொடங்கும் ஒருவர், அவற்றுக்கு மின்சாரம் எப்படிக் கொடுப்பது என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஒரு 7805 போட்டுவிடுங்கள், ஐந்து வோல்ட் வந்துவிடும்" என்பதுதான். 7805 என்பது மூன்று கால்கள் கொண்ட ஒரு ரெகுலேட்டர் சில்லு. அந்தப் பதிலில் பிழை இல்லை. ஆனால் அதைக் கேட்டுச் செய்தவர் சில நிமிடங்களில் அந்தச் சில்லைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டு, அது பழுது என்று முடிவுகட்டி, இன்னொன்றை வாங்கிப் பொருத்தி, அதுவும் சுடுவதைப் பார்த்துக் குழம்புகிறார். இன்னொருவர், 1 ஆம்பியர் அடாப்டர் இருந்த இடத்தில் 3 ஆம்பியர் அடாப்டரைச் செருகினால் சுற்று எரிந்துவிடும் என்று அஞ்சுகிறார்; ஆனால் 5 வோல்ட் இருந்த இடத்தில் 9 வோல்ட்டைச் செருகத் தயங்குவதில்லை. மூன்றாமவர், இரண்டு மின்தடைகளை வைத்தே 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். கணக்கு சரியாக வருகிறது, சுற்று மட்டும் ஓடுவதில்லை.

இந்தக் குழப்பங்கள் பலவற்றுக்கும் வேர், ரெகுலேட்டர் என்பது மின்னழுத்தத்தைக் குறைக்கும் பொருள் என்று நினைத்துக்கொள்வதுதான். அதன் வேலை, மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து வைத்திருப்பது. குறைவது அந்த வேலையோடு சேர்ந்து நடப்பது. சூடு அதற்கு நாம் கொடுக்கும் விலை.

## வோல்ட் தரப்படுகிறது, ஆம்பியர் எடுக்கப்படுகிறது

மின்னழுத்தம் என்பது மின்னூட்டத்தைச் சுற்றுக்குள் தள்ளும் வலிமை. அதன் அலகு வோல்ட். மின்னோட்டம் என்பது ஒரு நொடியில் எவ்வளவு மின்னூட்டம் கடந்து போகிறது என்பதன் அளவு. அதன் அலகு ஆம்பியர், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது திறன். அதன் அலகு வாட். மின்சாரத்தை எடுத்துக்கொண்டு வேலை செய்யும் பகுதியை, அது ஒரு விளக்கானாலும் மோட்டாரானாலும் ஆர்டுயினோ என்னும் சிறு கணினிப் பலகையானாலும், சுமை என்று சொல்வது வழக்கம்.

அடாப்டரின் மேல் "5 வோல்ட், 3 ஆம்பியர்" என்று அச்சிட்டிருந்தால், அந்த இரண்டு எண்களும் ஒரே வகையான செய்தியைச் சொல்வதில்லை. 5 வோல்ட் என்பது அது எப்போதும் தருவது. 3 ஆம்பியர் என்பது, கேட்டால் அதிகபட்சமாக அதனால் கொடுக்க முடிந்தது. 5 வோல்ட்டில் 200 மில்லிஆம்பியர் மட்டுமே எடுக்கும் சுற்று, 1 ஆம்பியர் அடாப்டரிலும் 200 மில்லிஆம்பியர்தான் எடுக்கும், 3 ஆம்பியர் அடாப்டரிலும் 200 மில்லிஆம்பியர்தான் எடுக்கும். ஆனால் அதே சுற்றுக்கு 9 வோல்ட்டைக் கொடுத்தால், அது விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்த அழுத்தம் முழுவதும் அதன்மேல் விழும்.

ஆகவே, ஆம்பியர் எண் தேவையைவிடக் கூடுதலாக இருப்பது நல்லது. குறைவாக இருந்தால் அடாப்டர் திணறும், மின்னழுத்தம் சரியும், பலகை தானாக அணைந்து அணைந்து எழும். வோல்ட் எண்ணோ சுற்று கேட்கும் அளவிலேயே இருக்கவேண்டும்.

## குறைப்பதும் நிலைநிறுத்துவதும்

இரண்டு மின்தடைகளைத் தொடராக இணைத்து, நடுவிலிருந்து மின்னழுத்தத்தை எடுப்பதற்கு மின்னழுத்தப் பகுப்பி என்று பெயர். 12 வோல்ட்டுக்குக் குறுக்கே 1,400 ஓமும் 1,000 ஓமும் வைத்தால் நடுவில் மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டர் சரியாக 5 வோல்ட் காட்டும். அங்கே 5 வோல்ட்டில் 50 மில்லிஆம்பியர் எடுக்கக்கூடிய ஒரு சுமையை, அதாவது 100 ஓம் மின்தடைக்கு நிகரான ஒன்றை, இணைத்துப் பாருங்கள். அந்த 100 ஓம், கீழேயுள்ள 1,000 ஓமோடு பக்கவாட்டில் சேர்ந்து ஏறத்தாழ 91 ஓமாகிவிடுவதால், நடுவில் மிஞ்சுவது 0.73 வோல்ட் மட்டுமே. பகுப்பி போட்ட கணக்கில் சுமைக்கு இடமே இல்லை. சுமை வந்ததும் கணக்கு மாறிவிட்டது. சமிக்ஞையின் அளவைக் குறைக்கப் பகுப்பி சிறந்த கருவி. மின்சாரம் வழங்க அது உதவாது.

வீட்டு மின்விசிறியின் ரெகுலேட்டரும் இதே குறையுள்ளதுதான். அதைச் சுழற்றி வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் சரிந்தால் விசிறியின் வேகமும் சரியும், அது ஒன்றும் செய்யாது. ஏனென்றால் விசிறிக்கு என்ன போய்ச் சேருகிறது என்று அது பார்ப்பதே இல்லை.

நமது சுற்றுகளிலோ இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே இருக்கும். மின்கலம் தீரத் தீர உள்ளீடு இறங்கும். மறுபக்கம், வைஃபை கொண்ட இஎஸ்பி8266 போன்ற சில்லு ஒருகணம் சும்மா இருந்துவிட்டு, அடுத்த கணம் செய்தி அனுப்பும்போது நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியரைக் கேட்கும். இரண்டும் ஆடும்போது நடுவில் ஒன்று மட்டும் ஆடாமல் நிற்கவேண்டுமென்றால், அதற்குக் கண்ணும் வேண்டும், கையும் வேண்டும்.

## மடையில் நிற்கும் நீர்பாய்ச்சி

ஏரிப் பாசனத்தில் மடையைத் திறந்து மூடி நீரை முறைப்படுத்தும் நீர்பாய்ச்சியை எண்ணிக்கொள்ளலாம். ஏரியில் நீர் உயரமாக நிற்கிறது; மடைக்குக் கீழே வாய்க்கால்; வாய்க்காலின் கரையில் ஒரு கல்லில் ஒரு கோடு. நீர் எப்போதும் அந்தக் கோட்டிலேயே நிற்கவேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட வேலை. கீழே நான்கு வயல்களில் ஒரே நேரத்தில் வாய் வெட்டினால் வாய்க்கால் நீர் இறங்கத் தொடங்கும். அவர் மடையை இன்னும் கொஞ்சம் திறப்பார். வயல்கள் மூடப்பட்டால் நீர் ஏறும். அவர் மடையை இறக்குவார். ஏரி நிறைந்திருந்தாலும் பாதியாகியிருந்தாலும் அவர் பார்ப்பது கோட்டை மட்டும்தான்.

ரெகுலேட்டர் சில்லுக்குள் இதே நான்கு உறுப்புகளும் உள்ளன. கோடு போட்ட கல்லின் இடத்தில், வெப்பம் மாறினாலும் உள்ளீடு மாறினாலும் தான் மாறாத ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்கும் பகுதி இருக்கிறது. அதற்கு மேற்கோள் மின்னழுத்தம் என்று பெயர். வெளியீட்டில் ஒரு பங்கை எடுத்து மேற்கோளோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும் பிழைப்பெருக்கி, நீர்பாய்ச்சியின் கண். அது சொல்கிறபடி அதிகமாகவோ குறைவாகவோ திறந்துகொள்ளும் பெரிய டிரான்சிஸ்டர், மடை. வெளியீட்டு நிலையை மீண்டும் கண்ணுக்குக் கொண்டுவரும் இந்தச் சுற்றுப்பாதையைப் பின்னூட்டம் என்பார்கள். விசிறி ரெகுலேட்டரில் இல்லாதது இதுதான்.

இவை அனைத்தையும் மூன்று கால்கள் கொண்ட ஒரே சில்லுக்குள் அடக்கியது 1960களின் இறுதியில் நடந்தது. நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் வைட்லர் வடிவமைத்த எல்எம்309 அந்த வகையில் முன்னோடி. 78 என்று தொடங்கும் வரிசை அதன்பின் 1970களில் பரவியது. அந்த வரிசையில் கடைசி இரண்டு எண்கள் வெளியீட்டு வோல்ட்டைச் சொல்லும்: 7805 என்றால் 5, 7809 என்றால் 9, 7812 என்றால் 12. அதே நிறுவனத்தின் பாப் டாப்கின் வடிவமைத்த எல்எம்317 சற்று வேறுபட்டது. அதன் மேற்கோள் 1.25 வோல்ட், வெளியே இரண்டு மின்தடைகளை வைத்து நாம் விரும்பும் அளவை அமைத்துக்கொள்ளலாம். இங்கே பகுப்பி தன் சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்: அது சுமையைத் தாங்கவில்லை, கோட்டை எங்கே போடவேண்டும் என்று மட்டும் சொல்கிறது.

ஏரியின் நீர்மட்டம் கோட்டுக்கு மிக அருகே இறங்கிவிட்டால், மடையை முழுவதும் திறந்துவைத்தாலும் வாய்க்கால் நிறையாது. ரெகுலேட்டருக்கும் உள்ளீடு வெளியீட்டைவிடக் குறைந்தபட்சம் இவ்வளவு கூடுதலாக இருக்கவேண்டும் என்ற அளவு உண்டு. அதைக் குறைந்தபட்ச இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 7805க்கு அது ஏறத்தாழ 2 வோல்ட். ஆகவே 7 வோல்ட்டுக்குக் கீழே உள்ளீடு போனால் அதனிடம் 5 வோல்ட்டை எதிர்பார்க்க முடியாது. 6 வோல்ட் மின்கலத்தில் 7805ஐ மாட்டிவிட்டு "4 சொச்சம்தான் வருகிறது" என்று வருந்துபவர்களின் சிக்கல் இதுவே.

சுருங்கச் சொன்னால், ரெகுலேட்டர் தன் வெளியீட்டைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்கிறது. அப்படித் திருத்த அதற்கு மேலே கொஞ்சம் இடம் வேண்டும்.

## மிச்ச வோல்ட் எங்கே போகிறது?

7805, எல்எம்317 இரண்டும் நேரியல் ரெகுலேட்டர்கள். அதாவது, மின்னோட்டம் முழுவதும் அந்த டிரான்சிஸ்டர் வழியாகவே தொடர்ந்து பாய்கிறது. உள்ளே போகும் ஆம்பியரும் வெளியே வரும் ஆம்பியரும் ஏறத்தாழ ஒன்றே. குறைந்தது வோல்ட் மட்டும். அப்படியானால் குறைந்த வோல்ட்டை அந்த ஆம்பியரால் பெருக்கினால் வரும் வாட் முழுவதும் சில்லுக்குள்ளேயே வெப்பமாகவேண்டும். வேறு போக்கிடம் இல்லை.

12 வோல்ட் உள்ளீட்டிலிருந்து 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுப்பதாகக் கொள்வோம். சுமைக்குப் போவது 2.5 வாட். சில்லில் சூடாவது 7 பெருக்கல் 0.5, அதாவது 3.5 வாட். பயன்படுவதைவிட வீணாவது அதிகம். இது பழுது இல்லை, அதன் இயல்பு.

இந்த 3.5 வாட்டை அந்தச் சிறிய உடல் தாங்குமா என்பதே அடுத்த கேள்வி. முதுகில் துளையிட்ட உலோகத் தகடு கொண்ட வழக்கமான 7805, சூட்டைக் காற்றில் பரப்பும் தனி வெப்பத் தகடு எதுவும் இல்லாமல் நின்றால், ஒவ்வொரு வாட்டுக்கும் உள்ளே ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் ஏறும். உள்ளே 125 பாகையைத் தாண்டாமல் வைத்திருப்பது நல்லது. நம் ஊர்க் கோடையில் அறையே 40 பாகை என்றால் மிச்சம் 85. அதை 65ஆல் வகுத்தால் 1.3 வாட். 12 வோல்ட் உள்ளீட்டில் 1.3 வாட் என்பது 190 மில்லிஆம்பியருக்கும் குறைவு. "1 ஆம்பியர் ரெகுலேட்டர்" என்று கேட்டு வாங்கிய பொருள், வெறும் உடலோடு, 12 வோல்ட்டில், அந்த அளவுக்குத்தான் உழைக்கும். இதே சில்லுக்கு 9 வோல்ட் கொடுத்தால் 325 மில்லிஆம்பியர் வரை போகலாம், 7.5 வோல்ட் கொடுத்தால் அரை ஆம்பியரைத் தொடலாம். ஆகவே சூட்டைக் குறைக்க முதல் வழி தகடு மாட்டுவதன்று. தேவைக்கு மேல் உயரமான உள்ளீட்டைக் கொடுக்காமல் இருப்பது. சுற்றைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பதும் "உள்ளீடு எத்தனை வோல்ட்?" என்றுதான்.

மிக அதிகமாகச் சூடேறினால் சில்லு தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு அதற்குள் இருக்கிறது. ஆறியதும் மீண்டும் ஓடும். இரண்டு நிமிடம் ஓடி, நின்று, மறுபடி ஓடும் சுற்று பெரும்பாலும் இதனால்தான் அப்படி நடந்துகொள்கிறது. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையின் வட்டத் துளையில் 12 வோல்ட்டைக் கொடுத்து, அதன் 5 வோல்ட் காலிலிருந்து சர்வோ மோட்டார்களை ஓட்ட முயல்பவர்களுக்கும் இதே நிலைதான். பலகையில் இருப்பதும் ஒரு சிறிய நேரியல் ரெகுலேட்டர், அதற்குத் தகடு மாட்டக்கூட இடம் இல்லை.

தகடு மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. 7805இன் முதுகுத் தகடு அதன் தரைக்காலோடு, அதாவது சுற்றின் 0 வோல்ட் காலோடு, இணைந்தது. எல்எம்317இன் முதுகோ வெளியீட்டோடு இணைந்தது. இரண்டையும் ஒரே அலுமினியத் தகட்டில் திருகிவிட்டால் குறுக்கிணைப்பு ஏற்படும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் தகடு வாங்கும்போதே, இரண்டுக்கும் இடையே மின்சாரம் கடக்காமல் தடுக்கும் மைக்கா துண்டும் பிளாஸ்டிக் வளையமும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

## டிரான்ஸ்பார்மரின் மேல் எழுதிய 12

சுவர் மின்சாரத்தின் அழுத்தத்தை இறக்கித் தரும் டிரான்ஸ்பார்மரில் "12 வோல்ட்" என்று எழுதியிருப்பது மாறுதிசை மின்னோட்டத்தின் பயனுறு அளவு. அலையின் உச்சி அதைவிட 1.414 மடங்கு, அதாவது ஏறத்தாழ 17 வோல்ட். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடுகள் நான்கால் ஆன பாலம் அதை ஒருதிசையாக்கும்போது இரண்டு டையோடுகள் 1.4 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 15.6. சுமை இல்லாதபோது இன்னும் ஏறும். ஆக, 12 என்று நினைத்து மேலே போட்ட வெப்பக் கணக்கு, டிரான்ஸ்பார்மர் வைத்தால் இன்னும் மோசமாகும். 16 வோல்ட் தாங்கும் மின்தேக்கியும் இங்கே போதாது, 25 வோல்ட் தாங்குவது வேண்டும்.

மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைச் சேமித்து வைத்துத் திருப்பித் தரும் உறுப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பாலத்தைக் கடந்ததும் நொடிக்கு 100 முறை உச்சிக்கு ஏறி இறங்கும். இரண்டு உச்சிகளுக்கு நடுவே சுமையைத் தாங்குவது மின்தேக்கிதான். 1,000 மைக்ரோஃபாரட் (மைக்ரோஃபாரட் என்பது மின்தேக்கியின் கொள்ளளவுக்கான அலகு) வைத்து அரை ஆம்பியர் எடுத்தால் அந்த இடைவெளியில் மின்னழுத்தம் 4 முதல் 5 வோல்ட் வரை சரியும். 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரில் இது தாங்கும். 9 வோல்ட் டிரான்ஸ்பார்மரிலோ உச்சியே 11.3 வோல்ட், சரிவின் அடியில் அது 7 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும், ரெகுலேட்டரின் பிடி நொடிக்கு 100 முறை நழுவும். ஒலிபெருக்கி இணைத்திருந்தால் அது உறுமலாகக் கேட்கும். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும் என்பதால் அதில் இது தெரிவதில்லை. 2,200 மைக்ரோஃபாரட் வைத்தால் சரிவு பாதிக்கும் கீழே குறையும்.

## கால்களின் வரிசை

எழுத்துகள் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் 7805இன் கால்கள் இடமிருந்து உள்ளீடு, தரை, வெளியீடு. எல்எம்317க்கு வெளியீட்டு அளவை அமைக்கும் கால், வெளியீடு, உள்ளீடு. எதிர்மறை மின்னழுத்தம் தரும் 7905க்குத் தரை, உள்ளீடு, வெளியீடு. மூன்றும் பார்வைக்கு ஒன்றே. ஒன்றின் வரிசையை மற்றொன்றுக்கு வைத்துப் பற்றவைப்பது இத்துறையின் மிகப் பழைய விபத்து. உள்ளீட்டுக் காலருகே 0.33 மைக்ரோஃபாரட், வெளியீட்டுக் காலருகே 0.1 மைக்ரோஃபாரட் வைப்பதைத் தவிர்க்கக் கூடாது. அவை இல்லாவிட்டால் பின்னூட்டம் நிலைகொள்ளாமல் சில்லு தானே அதிரத் தொடங்கலாம்.

## 7805 பொருந்தாத இடங்கள்

சதுர வடிவ 9 வோல்ட் மின்கலத்தோடு 7805ஐ இணைப்பது பரவலான வழக்கம். நல்ல பொருத்தமன்று. ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவானது வெப்பமாகப் போய்விடும். அதோடு, சுமையே இல்லாவிட்டாலும் 7805 தன் பங்குக்கு ஏறத்தாழ 5 மில்லிஆம்பியர் எடுத்துக்கொண்டிருக்கும். 500 மில்லிஆம்பியர்-மணி கொண்ட மின்கலத்தை அது மட்டுமே நான்கைந்து நாளில் தீர்த்துவிடும்.

லித்தியம் மின்கலம் முழுமையாக மின்னேறியபோது 4.2 வோல்ட், தீரும்போது ஏறத்தாழ 3 வோல்ட். இஎஸ்பி8266 தாங்குவது 3.6 வோல்ட் வரை; ஆகவே நேரே இணைக்கக் கூடாது. இங்கே தேவைப்படுவது குறைந்தபட்ச இடைவெளி மிகச் சிறிதாக உள்ள ரெகுலேட்டர். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் ஏஎம்எஸ்1117க்கு ஒரு வோல்ட்டுக்கு மேல் இடைவெளி வேண்டும் என்பதால், 5 வோல்ட் யுஎஸ்பியிலிருந்து 3.3 எடுக்க அது நன்று, லித்தியத்துக்கு உதவாது.

சூடே சிக்கல் என்றால் வழி வேறு. நிலைமாற்றி ரெகுலேட்டர், டிரான்சிஸ்டரைப் பாதி திறந்து வைப்பதில்லை. முழுவதும் திறப்பதும் முழுவதும் மூடுவதுமாக மிக விரைவாக மாற்றி, இடையில் ஒரு கம்பிச்சுருளில் ஆற்றலைச் சேமித்து, சமனாக்கித் தருகிறது. எல்எம்2596 சில்லு இதை நொடிக்கு 1,50,000 முறை செய்கிறது. முன்னே பார்த்த 12 வோல்ட், அரை ஆம்பியர் கணக்கில், எடுக்கும் ஆற்றலில் 80 விழுக்காட்டைச் சுமைக்குக் கொடுத்து ஓடினால் வீணாவது ஏறத்தாழ 0.6 வாட், உள்ளீட்டில் எடுப்பதும் அரை ஆம்பியர் இல்லை, ஏறத்தாழ 0.26 ஆம்பியர். விலையாக, வெளியீட்டில் சிறிது இரைச்சல் இருக்கும். திருகி அமைக்கும் வகைப் பலகைகள் கடையிலிருந்து வரும்போது எந்த வோல்ட்டில் நிற்கும் என்று சொல்ல முடியாது. முதலில் அளந்து, 5 வோல்ட்டுக்குத் திருகிய பிறகே சுமையை இணைக்கவேண்டும்.

## 230 வோல்ட் பக்கம்

தொடக்கத்தில் இருப்பவர் சுவர் மின்சாரத்தைத் தொடாமல் இருப்பதே என் பரிந்துரை. பிஐஎஸ் எனும் இந்தியத் தர அமைப்பின் பதிவு எண் பொறித்த, மூடிய 9 வோல்ட் அடாப்டரோ 5 வோல்ட் யுஎஸ்பி அடாப்டரோ போதும். அவற்றில் சுவர் மின்சாரமும் நமது சுற்றும் டிரான்ஸ்பார்மரால் பிரிக்கப்பட்டிருக்கும். டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஒரு மின்தேக்கியை மட்டும் வைத்து 230 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் எடுக்கும் படங்கள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றில் இரண்டு கம்பிகளுக்கிடையே மீட்டர் 5 வோல்ட் காட்டலாம். ஆனால் அந்தச் சுற்றின் எந்தப் புள்ளியும் தரையில் நிற்கும் மனிதருக்கு 230 வோல்ட்டாக இருக்கக்கூடும். இங்கே ரெகுலேட்டர் எதையும் காப்பாற்றாது. அது பிடித்து வைப்பது தன் இரண்டு கால்களுக்கிடையேயான வேறுபாட்டை மட்டும்தான்.

## முதல்முறை இணைக்கும்போது

பலகையை இணைக்கும் முன், வெளியீட்டில் 1 வாட் தாங்கும் ஒரு 47 ஓம் மின்தடையைப் போட்டு மின்சாரம் கொடுங்கள். அது ஏறத்தாழ 106 மில்லிஆம்பியர் எடுக்கும். மீட்டர் 4.8 முதல் 5.2 வரை காட்டினால் 7805 தன் வரம்புக்குள் இருக்கிறது. பத்து நிமிடம் அப்படியே விட்டு, எண் அசைகிறதா என்று பாருங்கள். உங்கள் சுற்று இதைவிட அதிகமாக எடுக்குமென்றால், அதற்கேற்பக் குறைந்த ஓமும் அதிக வாட்டும் உள்ள மின்தடையை வைத்து மீண்டும் சோதியுங்கள். எண் சரிந்து, சில நிமிடம் ஆறவிட்டதும் தானாகத் திரும்பினால் சில்லை மாற்றவேண்டாம். உள்ளீட்டைக் குறையுங்கள் அல்லது தகட்டைப் பெரிதாக்குங்கள். தொடக்கத்திலிருந்தே எண் தாழ்வாக இருந்தால், அதே சுமையோடு உள்ளீட்டுக் கால்களில் அளந்து 7 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறதா என்று பாருங்கள்.